பக்கத்தைத் தாண்டி ஓடிய அட்டவணை

நாங்கள் நடத்துவது சின்ன டைப்பிங் சென்டர். ஆய்வேடு கொடுக்கும் சீசன் வந்தால் பென்டிரைவும் கையுமாக ஆட்கள் நிற்பார்கள். போன வாரம் ஒரு மாணவி வந்து, "அக்கா, எக்ஸெல்ல நல்லா இருக்கு, வேர்டுல போட்டா பாதியக் காணோம்" என்றார். திறந்தால் 14 நெடுவரிசை. ஒன்பதாவதுக்கு மேல் தாளுக்கு வெளியே போய்விட்டது. தாளின் ஓரங்களைக் காட்டாத டிராஃப்ட் வியூவுக்கு மாற்றிய பிறகுதான் மீதி கண்ணில் பட்டது.

அவர் ஏற்கெனவே கோடுகளை மவுஸால் இழுத்து இழுத்து ஒருவழி பண்ணியிருந்தார். அதை மட்டும் செய்யாதீர்கள். நான் முதலில் டேபிள் லேஅவுட்டில் ஆட்டோஃபிட் விண்டோ (அட்டவணையைப் பக்க அகலத்துக்குள் அடக்கும் வசதி) கொடுத்தேன். அட்டவணை பக்கத்துக்குள் வந்தது, ஆனால் 'பதிலளித்தவர்களின் எண்ணிக்கை' என்ற தலைப்பு துண்டு துண்டாக ஏழெட்டு வரிக்கு இறங்கிவிட்டது. பின்னே? ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் 2.54 மார்ஜின் போனால் மிச்சம் 15.92. அதைப் பதினாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 1.1 சொச்சம். அதிலும் கட்டத்துக்குள் இரண்டு ஓரத்திலும் 0.19 செ.மீ. இடைவெளியை வேர்டே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் அட்டவணையை மட்டும் செலக்ட் செய்து, பேஜ் செட்டப்பில் லேண்ட்ஸ்கேப், கீழே 'அப்ளை டூ' இடத்தில் 'செலக்டட் டெக்ஸ்ட்' கொடுத்தேன். முன்னும் பின்னும் செக்ஷன் பிரேக் (பகுதி பிரிப்பு) தானாக விழுந்து, அந்தப் பக்கம் மட்டும் படுத்துக்கொண்டது. அகலம் 24.62 ஆனது. மறுபடி ஆட்டோஃபிட் விண்டோ, எழுத்து 9 பாயின்ட். அப்படியும் அந்தத் தலைப்பு அடங்கவில்லை. 'எண்.' என்று சுருக்கி, விளக்கத்தை அட்டவணைக்குக் கீழே போட்டோம். உண்மையில் பாதி வேலை இந்தத் தலைப்பு வெட்டுவதுதான். தமிழ்ச் சொல் நீளம், அமைப்புகளை நொந்து பயனில்லை.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு அகலம் இல்லை, உயரம் தொல்லை கொடுத்தது. ஒவ்வொரு அட்டவணையையும் ஒரே பக்கத்தில் அடக்க வரிசை உயரத்தை 'எக்ஸாக்ட்லி' (கூடாமல் குறையாமல் அதே அளவு) என்று வைத்து 0.5 செ.மீ. கொடுத்தேன். பிரிண்டில் பார்த்தால் 'கி', 'கீ' எல்லாம் மேல் வளைவு போய் 'க' ஆகிவிட்டன. 60 பக்கமும் அவுட். 'அட் லீஸ்ட்' (குறைந்தது அவ்வளவு) என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. பேப்பர் காசு என் தலையில்.

*

அக்கா, நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாலு பக்க அட்டவணையில் 'ரிபீட் ஹெடர் ரோஸ்' (தலைப்பு வரிசையை ஒவ்வொரு பக்கத்திலும் காட்டும் வசதி) எத்தனை முறை கொடுத்தும் தலைப்பு இரண்டாம் பக்கத்தில் வரவே இல்லை. டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ராப்பிங் 'அரவுண்ட்' (அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடுவது) என்று இருந்தது. 'நன்' (None) ஆக்கியதும் வந்தது.

*

அட, இதுதானா தம்பி? முந்தாநாள் எங்கள் சென்டரில் ஒருவருக்கு இதே கோளாறில் ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பைக் கையாலேயே ஒட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவர் திருத்தத்துக்கு நாளைக்குத் திரும்பி வருகிறார்.