செப்புத் தகட்டில படம் அரிச்செடுக்கிறது எப்பிடி?

கிளிநொச்சிப் பெடியன்: மயில் ஒண்டு கீறி செப்புத் தகட்டில அரிச்செடுத்து சுவரில மாட்ட ஆசை. அமிலம் படாத இடத்துக்கு என்ன பூசலாம்? ஆராவது சொல்லுங்கோ.

முல்லைக்காரன்: தம்பி, முதல்ல தகட்டை சாண்ட் பேப்பரால தேய்ச்சு எண்ணெய்ப்பசை போகக் கழுவும், விரல் அடையாளம் இருந்தாலே பூச்சு கழண்டிடும். நகத்துக்குப் பூசிற கியூடெக்ஸைப் பூசிக் காயவிட்டு ஊசியால படத்தைக் கீறும், செம்பு தெரியிற கோடுதான் பள்ளமாகும். பிறகு செம்பை அரிக்கிற பெரிக் குளோரைட் கரைசலில படம் கீழ பாக்கிற மாதிரி மிதக்க விடும், அப்பதான் கரையிற கசடு கோட்டுக்குள்ள தங்காமல் விழும். பிளாஸ்டிக் தட்டம்தான் பாவிக்கோணும், உலோகப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

வவுனியா அக்கா: மயிலின்ர இறகுக் கோடுகளை சித்துளியால வெட்டிப் பாருமன் தம்பி. அரிச்ச கோடு சொரசொரப்பா இருக்கும், உளிக்கோடு வெளிச்சத்தில பளிச்செண்டு மின்னும், ரெண்டும் சேர்ந்தால் அந்த வடிவே வேற.

முல்லைக்காரன்: உண்மைதான் அக்கா. தம்பி, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாவிச்ச கரைசலை கிணத்தடியிலயோ வளவிலயோ ஊத்திப்போடாதேயும், அமிலத்தை முறிக்க அப்பச்சோடா போட்டாலும் செம்பு அதுக்குள்ளதான் கிடக்கும், நாங்கள் குடிக்கிறது கிணத்துத் தண்ணி.