காலனியும் முகாமும்: நம் பக்கத்தில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பெயிண்ட் கடைக்காரர், தருமபுரி

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தருமபுரியில் பெயிண்ட் கடை நடத்துகிறேன். காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தால்தான் பிழைப்பு. பெயிண்டர்கள் வேலைக்குப் போகிற வழியில் பட்டி, உப்புத்தாள், பிரஷ் எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்பது மணிக்குமேல் வருகிறவர்கள் பெரும்பாலும் விலை விசாரித்துவிட்டுப் போகிறவர்கள்.

அந்தக் காலைக் கூட்டத்தில் பாதிப் பேர் இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து வருகிறவர்கள். நம் பக்கத்து முகாம்கள் சில அணைக்கட்டுகளை ஒட்டியே இருக்கின்றன. இங்கே தும்பலஹள்ளி அணை, அந்தப் பக்கம் ஊத்தங்கரைக்கு அருகே பாம்பாறு அணை. எல்லாரும் ஏன் பெயிண்டராகவே இருக்கிறார்கள் என்று ஒருவரிடம் ஒருநாள் கேட்டேன். "பிரஷைப் பிடிக்க யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள் அண்ணை" என்றார். அன்றைய கூலி அன்றைக்கே கைக்கு வந்துவிடும். முகாமில் ஆட்களை எண்ணிச் சரிபார்க்கும் தணிக்கை நாளில் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விடலாம். மேஸ்திரி கோபித்துக்கொண்டால் வேறு மேஸ்திரி.

கடைக்கு எதிர்வீட்டுப் பெரியவரும் சிலோன்காரர்தான். ஆனால் அவர் வந்த வழி வேறு. 1973-ல் கண்டியில் வாங்கிய இந்தியக் கடவுச்சீட்டோடு, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி வந்தவர். வந்த புதிதில் ஜெகதேவிப் பக்கம் கல் உடைத்தார். மகன் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பேத்தி கிராம நிர்வாக அலுவலர்.

போன மாதம் பெரியவர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கேட்டார். நான் ஒரு முகாம் பெயிண்டரை அனுப்பினேன். சுவரைப் பார்க்கப் போனவர் அரை மணி நேரமாகத் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். சுவரை இரண்டு பேருமே பார்க்கவில்லை. "எந்தத் தோட்டம்?" என்று பெரியவர் கேட்டிருக்கிறார். "நான் வவுனியாவில் பிறந்தவன், அப்பா மாத்தளைப் பக்கத்துத் தோட்டம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், லயம் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு), கங்காணி (கூலி ஆட்களைக் கூட்டிப்போய் மேற்பார்க்கிறவர்), தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் நாற்காலியில் இருந்தார். பெயிண்டர் கடைசிவரை திண்ணை ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார், எவ்வளவு சொல்லியும் நாற்காலிக்கு வரவில்லை.

இருவரும் ஒரே மலையிலிருந்து வந்தவர்கள்தானே, ஒரு வீட்டில் பேத்தி அலுவலராகவும் இன்னொரு வீட்டில் பேரன் பெயிண்டராகவும் ஆனது எப்படி என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஆசிரியை, ஓசூர்

ஐயா, உங்கள் கேள்விக்கு எங்கள் குடும்பத்திலேயே பதில் இருக்கிறது. என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அப்பா இந்தியக் குடிமகன். பெரியப்பா அகதியாகவே இறந்தார்.

எங்கள் பாட்டனார் ஊர் அரூர்ப் பக்கம். அது அப்போது சேலம் ஜில்லா. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். பஞ்சத்தில் கங்காணியோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களுக்கு அந்த நாடும் இல்லை, இந்த நாடும் இல்லை என்று ஆனது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டையும் அதில் பிரித்தார்கள். அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். பெரியம்மா கர்ப்பமாக இருந்ததால், பெரியப்பா அங்கேயே இருந்துவிடலாம் என்று இலங்கைக்கு மனுப் போட்டார். எங்கள் இரண்டு குடும்பங்களின் தலையெழுத்தும் அன்றைக்கு மனு வாங்கிய அந்த மேசையில்தான் மாறியது.

1977 கலவரத்தில் பெரியப்பா இருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். பிள்ளைகளோடு வவுனியாவுக்கு ஓடிப்போய்க் காடு வெட்டிக் குடியேறினார். 1990-ல் போர் மறுபடி மூண்டபோது படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் பதிந்து, நம் மாவட்டத்து அணைக்கட்டு முகாம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். கேள்விப்பட்டு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது பதினொரு வயது. முகாம் வாசலில் ஒரு நோட்டில் அப்பா பெயர், ஊர், யாரைப் பார்க்க வந்தோம் என்று எழுதச் சொன்னார்கள். 'உறவு' என்ற இடத்தில் அப்பா 'அண்ணன்' என்று எழுதினார். எழுதி வாங்கியவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அப்பாவின் தொடக்கம் ஒன்றும் வசதியானதல்ல, அதையும் சொல்ல வேண்டும். தாயகம் திரும்பியவர் என்று வியாபாரக் கடன் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். ஆடு வாங்கித் தருகிறேன் என்று தரகர் ஒருவர் பாதியைச் சுருட்டிக்கொண்டார், மீதியில் வாங்கிய ஆடுகளும் செத்துப்போயின. அதன்பிறகு கல் குவாரிதான். அம்மா மாம்பழக் காலத்தில் கூழ் தொழிற்சாலைக்குப் போவார். இரண்டு மாதத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாமே மாம்பழ வாசனை அடிக்கும். அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டான். ஊரிலும் எங்களை ஒட்டவிடவில்லை. தாயகம் திரும்பியவர்கள் குடியிருந்த 'சிலோன் காலனி' என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

ஆனால் அப்பாவுக்கு வாக்கு இருந்தது. வாக்கு இருந்ததால் வார்டு உறுப்பினர் எங்கள் வாசலுக்கு வந்தார். வந்ததால் தெருவிளக்கு வந்தது, பிறகு மனைப்பட்டா வந்தது. பட்டாவை வைத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன், அந்தக் கடனில் தம்பிக்கு ஐ.டி.ஐ., ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. தம்பி சம்பளத்தில் நான் பி.எட். படித்தேன். இதெல்லாம் நடக்க முப்பது ஆண்டுகள் ஆயின.

பெரியப்பா வீட்டில் கதை தலைகீழ். அவர்கள் வந்த புதிதில் எங்களைவிட நன்றாகவே இருந்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள். அரிசி, மாதாமாதம் பணக்கொடை, பக்கத்திலேயே பள்ளி. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தார் முகாமிலேயே மாலை வகுப்பு நடத்தினார்கள். பத்துக்குப் பத்து அறையில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு பெரியப்பா மகள் பன்னிரண்டாவதில் எடுத்த மதிப்பெண்ணை எங்கள் காலனியில் ஒரு பிள்ளையும் எடுத்ததில்லை. அதன்பிறகுதான் தடை வந்தது. அரசுத் தேர்வு எழுதக் குடியுரிமை வேண்டும். நிலம் வாங்கலாம் என்றால், இலங்கைக் குடிமகன் இங்கே நிலம் வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். சேர்த்த பணத்தைப் பெரியம்மா நகையாக வாங்கினார், நகை அடகுக் கடைக்குப் போனது. நாங்கள் மூன்று சென்ட் வாங்கியதும் அவர்கள் மூன்று சவரன் வாங்கியதும் ஒரே ஆண்டில். இன்றைக்கு அந்த மூன்று சென்ட் என்ன விலை என்று ஓசூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பென்னாகரம் வாசகர்

கோபித்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்கோ மண் வேலைக்கோ போயிருக்கிறார். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். எங்களுக்கு மாதாமாதம் யாரும் பணக்கொடை தருவதில்லை, வீடு கட்டித் தருவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிப்பதும் இல்லை. குடியுரிமை இருந்து எங்களுக்கு என்ன கிடைத்துவிட்டது?

முகாமில் பிறந்தவன், ஊத்தங்கரை

பென்னாகரம் அண்ணனுக்கு வணக்கம். உங்கள் ஆட்களோடுதான் நானும் பெங்களூரில் சாரத்தில் தொங்கி வேலை செய்திருக்கிறேன், கூலியும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் ஊர் திரும்புவது பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும். நான் தணிக்கைக்கு. இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, காலையில் முகாமில் வரிசையில் நின்று முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடி இரவு பஸ் பிடிப்பேன். ஒருமுறை காய்ச்சலில் வர முடியாமல் போனது. பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்று அம்மா மூன்று வாரம் அலைந்தார்.

பணக்கொடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27-ல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள், 7,469 வீடுகளும் அதில் அடக்கம். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. நன்றி இல்லாமல் பேசவில்லை. பழைய வீட்டில் மழை வந்தால் புத்தகங்களைத்தான் முதலில் தூக்குவோம்.

நான் பொறியியல் படித்தவன். ஓசூரில் ஒரு நிறுவனத்தில் மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, வேலை உறுதி என்றார்கள். ஆவணம் கேட்டார்கள். முகாம் அடையாள அட்டையைக் கொடுத்தேன். அந்த அலுவலர் நல்ல மனிதர், அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதைக் கணினியில் எந்தக் கட்டத்தில் ஏற்றுவது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இன்று வேறொரு சிறிய நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியன். என்னோடு படித்தவர்கள் வாங்குவதில் பாதிச் சம்பளம். சனி, ஞாயிறுகளில் பெயிண்ட் அடிக்கப் போகிறேன், அதில்தான் கையில் காசு நிற்கிறது.

இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஓர் அக்கா, அந்தச் சட்டத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் வரை போய்க் கடவுச்சீட்டு வாங்கினார், 2024 தேர்தலில் திருச்சியில் வாக்கும் போட்டார். நான் பிறந்தது 1992. என் மனைவி கிருஷ்ணகிரிக்காரர், இந்தியக் குடிமகள். எங்கள் மகள் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் பிறந்தாள். ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் குடியுரிமை இல்லை. அரசுக் கணக்கில் அந்த ஒருவர் நான்தான். 2019 திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எழுதினார்கள், இலங்கையை எழுதவில்லை.

ஆசிரியை அக்கா சொன்ன மாதிரி படிப்பில் நாங்கள் சோடை போகவில்லை. ஆனால் இப்போது முகாமில் பையன்கள் பத்தாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். அண்ணன் பி.இ. படித்துவிட்டு என்னத்தைக் கண்டான் என்று என்னைத்தான் கைகாட்டுகிறார்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரூர்

இரண்டு தரப்புப் பிள்ளைகளும் என்னிடம் படித்திருக்கிறார்கள். காலனிப் பிள்ளைகள் ஜூன் மாதம் சேர்ந்து தீபாவளிக்குள் காணாமல் போவார்கள், குவாரிக்குப் போய்த் தேட வேண்டும். அவர்களுக்கு சாதிச் சான்று வாங்குவது பெரும்பாடு. பாட்டன் சிலோன் போவதற்கு முன் என்ன ஊர், யார் சாட்சி என்று கேட்பார்கள். கடவுச்சீட்டைக் காட்டினாலும் நடையாய் நடக்க வைப்பார்கள். அந்தச் சான்று கிடைத்த வீடுகள் மேலே வந்தன, கிடைக்காத வீடுகள் பல இன்னும் குவாரியிலேயே இருக்கின்றன. ஆகவே காலனி முன்னேறிவிட்டது என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள்.

முகாம் பிள்ளைகள் ஒருநாளும் விடுப்பு எடுக்க மாட்டார்கள். 1991-க்குப் பிறகு கல்லூரியில் அவர்களுக்கு இருந்த சலுகை நிறுத்தப்பட்டு, 1996-ல்தான் திரும்பக் கிடைத்தது. இடையில் ஐந்து ஆண்டுப் பிள்ளைகள். அவர்களில் நன்றாகப் படித்த ஒருவனைப் பிறகு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கையெல்லாம் பெயிண்ட். "சார்" என்று எழுந்து நின்றான். கணக்கில் அவனுக்கு நான் போட்ட மதிப்பெண் 98.

பெயிண்ட் கடைக்காரர், தருமபுரி

எல்லாருக்கும் நன்றி. பென்னாகரத்து நண்பர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெங்களூர்ச் சாரத்தில் இருக்கிற நம் ஆளுக்கு ஊரில் ஒரு காணி மேட்டுநிலமாவது அவர் பெயரில் இருக்கும்.

ஆசிரியையின் பதிவை எதிர்வீட்டுப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பேத்தியைக் கூப்பிட்டார். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, இந்திய வம்சாவளி அகதிகள் 65 பேரின் வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதை அந்தப் பெண் எடுத்துச் சொன்னாள். பழைய காகிதம் எது இருந்தாலும் பத்திரமாக வைக்கச் சொன்னாள்.

வேலை முடிந்த அன்று பெயிண்டர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு கடைக்கு வந்தார். அப்பாவின் காகிதங்கள். படகில் வரும்போது அம்மா இடுப்பில் கட்டி வந்தவையாம், ஓரமெல்லாம் உப்புநீர் பட்டுப் பழுப்பேறியிருந்தன. தோட்டத்து ரேஷன் சீட்டு ஒன்று. இலங்கை அரசு கொடுத்த பிறப்புச் சான்று ஒன்று. மூன்று மொழியில் அச்சடித்த படிவம், பேனா மை மங்கிப்போயிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'இனம்' என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதியிருந்தது.

பக்கத்துக் கடையில் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும் என்று மூன்று ஜெராக்ஸ் எடுத்தோம். ஒன்று அவருக்கு, ஒன்று பெரியவரின் பேத்திக்கு. மூன்றாவதை என் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். முகாம் வீட்டில் கரையான் தொல்லையாம்.