கண் சிவந்தால் எல்லாம் கண்ணோவுதானா?

சிப்புட் மருமகள்:
சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுபவர். முந்தாநாள் அண்ணாந்து மட்டையை அறுக்கும்போது வலது கண்ணில் தூசி விழுந்ததாம். இப்போது கோவைப்பழமாகச் சிவந்திருக்கிறது. மாமியாருக்கு அது கண்ணோவுதான், பக்கத்து வீட்டுப் பையனிடமிருந்து ஒட்டிக்கொண்டதாம். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டச் சொல்கிறார். போன வருடம் மகனுக்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. விடலாமா?

தோட்டத்துப் பிள்ளை:
எங்கள் வீட்டில் தாய்ப்பால்தான் விடுவோம் அக்கா. சரியாகிவிடும்.

பழைய டிரஸர்:
பாலும் வேண்டாம், பூவும் வேண்டாம். தங்கச்சி, அந்த மருந்தையும் குப்பையில் போடுங்கள். திறந்து ஒரு மாதம் தாண்டிய சொட்டு மருந்து எதற்கும் உதவாது.

நம் ஆட்களுக்குக் கண் சிவந்தால் எல்லாம் கண்ணோவு. தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரஸராக, அதாவது மருந்து கட்டும் உதவியாளராக, இருந்தபோது நான் நிறத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். உறுத்துதா, அரிக்குதா, கூசுதா என்றுதான் கேட்பேன். ஒட்டுகிற கண்ணோவு என்றால் நீர் வடியும், காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கும் போகும். இரண்டு கண்ணும் சேர்ந்து அரித்தால் அநேகமாக ஒவ்வாமை. புகைமூட்ட நாளில் எரிச்சல் எல்லோருக்கும் உண்டு. வலியே இல்லாமல் வெள்ளை விழியில் ரத்தத் திட்டு மட்டும் தெரிந்தால் சின்ன ரத்தக்குழாய் உடைந்திருக்கும், இரண்டு வாரத்தில் தானாகக் கரையும்.

உங்கள் வீட்டுக்காரர் கதை வேறு. மட்டைத் தூசி கருவிழியைக் கீறினால் பூஞ்சை புகுந்து புண்ணாகலாம். மிச்ச மருந்தில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் அந்தப் புண் இன்னும் மோசமாகும். வெளிச்சம் பார்த்தால் கூசுகிறதா?

சிப்புட் மருமகள்:
கூசுகிறது ஐயா. சன்னலைச் சாத்தச் சொல்கிறார். உறுத்தலும் நிற்கவில்லை.

பழைய டிரஸர்:
அப்படியென்றால் இன்றைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அரசாங்கக் கிளினிக்குக்கு, கூட்டிப் போங்கள், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். மலாயில் வெறும் ‘மாத்தா மேரா’ (சிவந்த கண்) என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். செம்பனை மட்டைத் தூசி விழுந்தது, கூசுகிறது, இதை முதலில் சொல்லுங்கள். கண்ணில் ஒரு சாயம் விட்டு நீல விளக்கில் பார்ப்பார்கள், கீறல் இருந்தால் பச்சையாகத் தெரியும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் சம்பளம் போகிறதே என்று தள்ளிப் போடாதீர்கள். அதுவரை கண்ணைக் கசக்க விடாதீர்கள்.