ரைசன் 2600-இலிருந்து எதுக்கு மாறலாம்: 5600 போதுமா, எக்ஸ்3டி வரைக்கும் போகணுமா?

தடம்மாறி

வணக்கம் நண்பர்களே. பெட்டியில் இருப்பது ஏஎம்டி-யின் ரைசன் 5 2600 பிராசசர். மதர்போர்டு பி450, மைக்ரோ ஏடிஎக்ஸ். விஆர்எம்-இல் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஒரு பக்கம் மட்டும் ஹீட்சிங்க் இருக்கு. ரேம் டிடிஆர்4 3000, 8 ஜிபி இரண்டு. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, பவர் சப்ளை 650 வாட், மானிட்டர் 1080பி 144 ஹெர்ட்ஸ். கூலர், பிராசசரோடு வந்த அதே சின்ன ஸ்டெல்த்.

ஆள் நடமாட்டம் அதிகமுள்ள நகரக் காட்சிகளில் 55–60 எஃப்பிஎஸ்-க்கு (நொடிக்கு இத்தனை ஃபிரேம்) இறங்கி, திக்கித் திக்கி ஓடுது. அந்த நேரத்தில் கார்டின் பயன்பாடு 60 சதவீதம்தான். ஆனா பிராசசரும் 55 சதவீதம்னுதான் காட்டுது. ரெண்டுமே சும்மா இருந்தா தடை எங்கே?

போர்டை மாற்றாமல் இதே ஏஎம்4 சாக்கெட்டில் 5500, 5600, 5700, 5700எக்ஸ், 5700எக்ஸ்3டி என்று வரிசையா இருக்கு. போடுகிற காசுக்கு எது உருப்படியான மாற்றம்? இன்னொன்று, டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 2133 என்று காட்டுது. அது சரிதானா?

மின்தடம்

சரியில்லை. முதல்ல அதைத்தான் பார்க்கணும். 3000 ரேம் 2133-ல ஓடுதுன்னா பயாஸ்ல (போர்டோட அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற அமைப்பு, அணைஞ்சு கிடக்கு. சில போர்டுகள்ல அதுக்கு டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பினு பேர் இருக்கும். ரைசன்ல இது சாதாரண விஷயம் இல்லை. பிராசசருக்குள்ள கோர் குழுக்களை இணைக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கோட வேகம் ரேம் வேகத்தோட கட்டப்பட்டிருக்கு. 2133-ல ரேம் ஓடினா ஃபேப்ரிக் 1066 மெகாஹெர்ட்ஸ்ல நகரும், 3000 ஆக்கினா 1500. 2600 மாதிரி மூணு மூணு கோரா ரெண்டு குழுவா பிரிஞ்ச சில்லுக்கு இது நேரடியா உறைக்கும், ஏன்னா ஒரு குழு மறு குழுவோட பேசறது இந்தப் பாதையிலதான். காசு செலவில்லாம கிடைக்கிற முதல் முன்னேற்றம் இதுதான். ரேம் ரெண்டும் சாக்கெட்டுல இருந்து எண்ணினா 2-வது, 4-வது ஸ்லாட்டுல இருக்கான்னும் பாருங்க. 1, 2-லயோ 3, 4-லயோ இருந்தா ஒரே சேனல்லதான் ஓடும். போர்டுல ரெண்டே ஸ்லாட்னா அந்தக் கவலை இல்லை.

55 சதவீதக் கணக்குக்கு வர்றேன். 2600-ல 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை இழை). ஒரு த்ரெட் முழுசா மூச்சு முட்டி ஓடினாலும் மொத்தத்துல அது 8.3 சதவீதம்தான். கேம்ல பெரும்பாலும் ஒரு முக்கிய த்ரெட் மத்த எல்லாத்துக்கும் வேலை பிரிச்சுக் கொடுக்கும். அது தாமதிச்சா மத்த பதினொண்ணும் காத்திருக்கும், கார்டும் காத்திருக்கும். அதனால மொத்த சதவீதத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கார்டு பயன்பாடு 95-க்குக் கீழ நிக்குதுன்னா, எஃப்பிஎஸ் லிமிட்டும் விசிங்க்கும் (எஃப்பிஎஸ்-ஐ மானிட்டர் வேகத்தோட ஒட்டவைக்கிறது) போடலைன்னா, தடை பிராசசர் பக்கம்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. அதே இடத்துல நின்னு ரெசல்யூஷனை மட்டும் 720பி ஆக்குங்க. எஃப்பிஎஸ் அசையலைன்னா பிராசசர்தான். கிராபிக்ஸ் பிரீசெட்டையே 'லோ' ஆக்கிடாதீங்க. அது கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம், நிழல் தூரம் எல்லாத்தையும் குறைக்கும். அவை பிராசசர் சுமையையும் குறைக்கிறதால சோதனை கலங்கிடும். ரே டிரேசிங் போட்டிருந்தா அதையும் நிறுத்திட்டுப் பாருங்க. அது கார்டுக்கு மட்டும் சுமைன்னு நினைக்கிறாங்க, பிராசசருக்கும் நிறைய வேலை வைக்கும்.

கேஷ்கணக்கு

பெயர்களில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். இந்த வரிசையில் பார்க்க வேண்டியது எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்.

2600: 6 கோர், 16 எம்பி. ஆனால் அது 8 + 8 என்று இரண்டு துண்டு. ஒரு கோருக்குப் பக்கத்தில் இருப்பது 8 மட்டுமே.
5500: 6 கோர், 16 எம்பி.
5600: 6 கோர், 32 எம்பி, ஆறு கோருக்கும் பொதுவாக ஒரே தொட்டி.
5700: 8 கோர், 16 எம்பி.
5700எக்ஸ்: 8 கோர், 32 எம்பி.
5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி: 8 கோர், 96 எம்பி (3டி என்பது மேலே அடுக்கிய கூடுதல் கேஷ்).

5500-ம், பின்னால் 'எக்ஸ்' இல்லாத 5700-ம் வேறு வார்ப்பு. ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் உள்ள சில்லில் அந்தப் பகுதியை அணைத்துவிட்டு விற்பவை. அதனால்தான் கேஷ் பாதி, பிசிஐஇ-யும் (கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பாதை) 3.0 மட்டும். 5700 என்பது 5600-ஐவிட மேலானது என்று நம்பி வாங்குபவர்கள் அதிகம். கேமில் 5600 அதை முந்தும். கேமுக்காக வாங்கினால் 5700-ஐத் தொடவே வேண்டாம். 5500-ஐ, 5600-க்கும் அதற்கும் விலை வித்தியாசம் கணிசமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

2600-இலிருந்து 5600 எவ்வளவு தாண்டல் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. ஒரே கடிகார வேகத்தில் ஜென்2, 2600 சார்ந்த முந்தைய தலைமுறையைவிட 15 சதவீதமும், 5600 சார்ந்த ஜென்3 அதற்குமேல் 19 சதவீதமும் கூடுதல் வேலை செய்யும் என்பது ஏஎம்டி சொன்ன கணக்கு. பூஸ்ட் 3.9-இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ். பெருக்கினால் ஒரு கோருக்கு ஒன்றரை மடங்கு. உங்கள் முக்கிய த்ரெட் கேட்பது இதைத்தான், கூடுதல் கோர்களை அல்ல. 5600-இன் உச்ச மின் இழுப்பு 76 வாட் என்பதால் உங்கள் விஆர்எம்-க்கும் ஸ்டெல்த் கூலருக்கும் சிரமம் இல்லை. பெட்டியிலேயே புது ஸ்டெல்த் ஒன்றும் வரும்.

பி450-இல் பிசிஐஇ 3.0-தான். 3060 டிஐ 16 லேன் கார்டு, இதனால் பெரிதாக எதையும் இழக்காது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல 4 லேன் கார்டு வைத்திருந்தால்தான் இது அடிக்கும்.

என் பரிந்துரை 5600. மிச்சக் காசை அடுத்த கார்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சப்புள்ளி

கேஷ்கணக்கு சொன்னதில் பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எக்ஸ்3டி-யை அப்படி ஒதுக்கிவிட முடியாது. இந்த சாக்கெட்டில் இதுதான் கடைசி மாற்றம் என்றால், எதை விளையாடுகிறோம் என்பதை வைத்து முடிவு செய்யணும். ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபாக்டோரியோ, பெரிய எம்எம்ஓ-க்கள், கார் பந்தய சிமுலேட்டர்கள், இவையெல்லாம் சிதறிக் கிடக்கும் தரவை ஒவ்வொரு ஃபிரேமிலும் திரும்பத் திரும்பத் தொடும். 32 எம்பி-யில் அடங்காதது 96-இல் அடங்கிவிட்டால் ரேம் வரைக்கும் ஓட வேண்டியதில்லை. சராசரி எஃப்பிஎஸ் ஏறுவதைவிட, 1 சதவீத லோ (மிக மெதுவான ஃபிரேம்களின் வேகம்) ஏறுவதும் திக்கல் நிற்பதும்தான் கண்ணுக்குத் தெரியும். மெதுவான ரேம் வைத்திருப்பவருக்கு இது இன்னும் பொருந்தும், ஏனெனில் பெரிய கேஷ் ரேமின் குறையை மறைத்துவிடும்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். 5700எக்ஸ்3டி-யின் பூஸ்ட் 4.1 கிகாஹெர்ட்ஸ்தான். வீடியோ ரெண்டரிங், கோடு கம்பைல் போன்ற வேலையில் 5700எக்ஸ் அதை முந்தும். கூலர் கூட வராது, ஸ்டெல்த்தை வைத்து ஒப்பேற்றவும் கூடாது. கேஷ் அடுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் சூடு வெளியேறச் சிரமப்படும், உச்ச வரம்பு 90 டிகிரி. நான்கு ஹீட்பைப் உள்ள ஒரு டவர் கூலர் கணக்கில் சேரும். அதையும் சேர்த்து 5600-இன் விலையில் இரண்டு மடங்கைத் தாண்டினால், 3060 டிஐ-க்கு நான் எக்ஸ்3டி சொல்லமாட்டேன்.

பழையதாக வாங்கினால் அடிப்பக்கம் தெரியும்படி புகைப்படம் கேளுங்கள். ஏஎம்4-இல் பின் பிராசசரில்தான் இருக்கிறது, 1331 பின். வரிசை வரிசையாகச் சாய்த்துப் பார்த்தால் வளைந்தது தெரிந்துவிடும். மூடியில் எழுத்தை மாற்றி விற்கும் மோசடியும் உண்டு. போட்டதும் சிபியு-இசட் மென்பொருளில் எல்3 96 எம்பி காட்டுகிறதா என்று பாருங்கள்.

தடம்மாறி

எக்ஸ்எம்பி போட்டேன். 3000 பிடிச்சுக்கிச்சு. அதே தெருமுனையில் 56-ஆக இருந்தது 64 ஆகியிருக்கு, திக்கலும் குறைஞ்சிருக்கு. 720பி சோதனையில் 65-ஐத் தாண்டலை, கார்டு 40 சதவீதத்தில் தூங்குது. ஆக பிராசசர்தான்.

சிமுலேட்டர் எதுவும் விளையாடறதில்லை, 5600-ன்னு முடிவு பண்ணிட்டேன். பயாஸ் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதை எப்போ, எப்படி அப்டேட் பண்ணணும்? பிராசசரைக் கழற்றும்போது எதில் கவனமா இருக்கணும்?

மின்தடம்

வரிசை முக்கியம். 2600 உள்ள இருக்கும்போதே பயாஸை ஏத்திடணும். 5600-ஐப் போட்டுட்டுத்தான் ஞாபகம் வந்துச்சுன்னா, ஃபேன் சுத்தும், திரை கறுப்பாவே இருக்கும். பிராசசர் இல்லாமலே பயாஸ் ஏத்தற ஃப்ளாஷ்பேக் பட்டன் சில போர்டுகள்லதான் உண்டு.

போர்டு மேல அச்சடிச்சிருக்கிற மாடல் பேரோட 'ரெவ்' எண்ணையும் எழுதிக்குங்க. ஒரே பேர்ல ரெவிஷன் மாறினா பயாஸ் ஃபைலும் மாறும். தயாரிப்பாளர் பக்கத்துல உள்ள பிராசசர் பட்டியல்ல 5600-க்கு நேரா எந்த பயாஸ் பதிப்புல இருந்து ஆதரவுன்னு இருக்கும், அதுக்குச் சமமோ மேலோ எடுங்க. அஜெசா (பயாஸுக்குள்ள ஏஎம்டி தர்ற பகுதி) 1.2.0.7 அல்லது அதுக்குப் பிறகானதா இருந்தா நல்லது. எஃப்டிபிஎம்னால (பிராசசருக்குள்ள இருக்கிற பாதுகாப்புப் பகுதி) விட்டு விட்டு வர்ற திக்கலை அதுலதான் சரி பண்ணாங்க. 2019 பதிப்புல இருந்து நேரா கடைசிக்குத் தாவ முடியாத போர்டுகளும் உண்டு. 'முதலில் இந்தப் பதிப்பை ஏற்றவும்'னு குறிப்பு இருந்தா அதைத் தாண்டாதீங்க. திரும்ப பழசுக்கு வர முடியாதுன்னும் சில பதிப்புகள்ல எழுதியிருக்கும்.

விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கிற வசதி) இயங்குதான்னு முதல்ல பாருங்க. இயங்கினா ரெக்கவரி கீயை வேற இடத்துல எழுதி வச்சிட்டு, தற்காலிகமா நிறுத்தி வையுங்க. பிராசசர் மாறினதும் முதல் பூட்டில எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் பண்ணவான்னு கேட்கும். கீ கையில இல்லாம 'ஒய்' அழுத்தினா டிரைவ் பூட்டிக்கும்.

பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணி ஃபைலைப் போடுங்க, பயாஸுக்குள்ள இருக்கிற ஃப்ளாஷ் கருவியிலயே ஏத்துங்க. விண்டோஸ்ல ஓடற அப்டேட் மென்பொருள் வேண்டாம், நடுவுல விண்டோஸ் தொங்கினா போர்டே போயிடும். ஏத்தினதும் எக்ஸ்எம்பி, ஃபேன் அமைப்பு எல்லாம் அழிஞ்சிருக்கும். 2600-லயே ஒரு தடவை விண்டோஸ் வரைக்கும் போய் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பெட்டியைத் திறங்க.

வெள்ளிப்பசை

கழற்றுவதைப் பற்றி நான் சொல்கிறேன், அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான்.

ஏஎம்4 சாக்கெட்டின் பிடி பிராசசரை மேலிருந்து அழுத்திப் பிடிப்பதில்லை, பின்களை மட்டும்தான் பிடிக்கும். பல ஆண்டு காய்ந்த தெர்மல் பேஸ்ட் கோந்துபோல ஒட்டியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும்.

எனவே கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான கேம் ஓட்டி, பேஸ்ட்டைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அணைத்து, பவர் சப்ளை சுவிட்சையும் நிறுத்தி, வயரை உருவியபின் உடனே திறக்கவும். நான்கு திருகையும் மூலைக்கு மூலை, சுற்றுக்குச் சுற்று தளர்த்துங்கள். பிறகு கூலரை ஜாடி மூடியைத் திருகுவதுபோல இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஒட்டு விட்டதும் கையில் வழுக்குவது தெரியும். அதற்குப் பிறகே தூக்க வேண்டும்.

அப்படியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் பின்களைத் தொடாமல், கூலரைத் தலைகீழாக வைத்து, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை இரண்டுக்கும் நடுவே ஓட்டிப் பிரியுங்கள். ஓரிரு பின் லேசாகச் சாய்ந்திருந்தால் லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் நுழைத்து நிமிர்த்தலாம்.

5600-ஐ வைக்கும்போது லீவர் முழுக்க மேலே இருக்கட்டும். மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட் முக்கோணத்தோடு பொருத்தி, விட்டாலே தானாக இறங்க வேண்டும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் திசை தவறு அல்லது பின் வளைந்திருக்கிறது. எடுத்துப் பாருங்கள். புது ஸ்டெல்த்தின் அடியில் பேஸ்ட் தடவியே வரும், அதன்மேல் இன்னும் வைக்காதீர்கள்.

முதல் பூட்டில் சில நிமிடங்கள் திரை வராமல் இருக்கலாம், ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு அணைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மின் வயரைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து, ரேம் ஒன்றை மட்டும் போட்டு மீண்டும் முயலுங்கள். 5600-இல் கிராபிக்ஸ் கிடையாது, மானிட்டர் கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும்.

தடம்மாறி

ரொம்ப நன்றி. கடைசியா ஒன்று: பின்னாடி டவர் கூலர் போடலாமா? இந்தப் போர்டில் சாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் பிடிப்பு எதுவும் இல்லையே.

வெள்ளிப்பசை

ஸ்டெல்த் திருகில் நிற்கும் கூலர். அதைப் பொருத்தியபோது அந்தப் பிடிப்புகளைக் கழற்றியிருப்பார்கள். போர்டு வந்த பெட்டியில் தேடுங்கள், இரண்டு பிளாஸ்டிக் துண்டும் நான்கு திருகும் இருக்கும். கொக்கி மாட்டும் வகை டவருக்கு அவை இல்லாமல் முடியாது. தொலைந்திருந்தால் சொந்தப் பிடிப்போடு வரும் கூலராகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டெல்த் திருகை எடுத்ததும் பின்பக்க உலோகத் தட்டு கழன்று விழும், பெட்டியைப் படுக்க வைத்து, பின்னால் ஒரு கை கொடுத்துக்கொள்ளுங்கள். டவர் போட்டபின் விஆர்எம் மேல் நேராகக் காற்று படாது என்பதால் பின்பக்க கேஸ் ஃபேன் கட்டாயம் ஓடட்டும்.