பள்ளி மாணவர்களும் ஊர் மன்ற இளைஞர்களும் சேர்ந்து எடுக்கும் வில்லுப்பாட்டுக் காணொளி: அதைக் கற்றலாக மாற்றுவது எப்படி?

கேள்வி: தமிழாசிரியை, கல்குளம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் ஊரின் கலை, விளையாட்டு மன்றத்து இளைஞர்கள் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் நடத்தும் வழுக்குமரம், உறியடி, வடம் இழுத்தல் போன்ற போட்டிகளைப் படமெடுத்துத் தங்கள் யூடியூப் பக்கத்தில் வெளியிட்டு வருகிறார்கள். இந்த ஆண்டு அவர்களே பள்ளிக்கு வந்து, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து நம் பகுதி வில்லுப்பாட்டைப் பற்றிப் பத்து நிமிடக் காணொளி ஒன்று எடுக்கலாமா என்று கேட்டார்கள். தலைமையாசிரியரும் இசைந்துவிட்டார்.

எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இத்தகைய முயற்சிகளில் கேமராவும் கணினியும் மன்றத்து அண்ணன்மார் கையிலேயே இருக்க, மாணவர்கள் சட்டையை மடிப்புக் கலையாமல் அணிந்துகொண்டு, எழுதிக் கொடுத்த நான்கு வரிகளை ஒப்பித்துவிட்டுப் போவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். படம் அழகாக வந்துவிடும். பிள்ளைகள் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். வேலையை எப்படிப் பிரித்தால் மாணவர்கள் உண்மையிலேயே கற்பார்கள்? மாணவியரின் முகம் இணையத்தில் வருவதைச் சில பெற்றோர் விரும்பவில்லை. அதை எப்படிக் கையாள்வது? இதில் பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: ஊர் மன்றம் ஒன்றின் முன்னாள் செயலாளர், அகஸ்தீஸ்வரம் வட்டம்

வணக்கம் டீச்சர். மன்றத்தின் பக்கமிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதி மன்றங்களில் உள்ள இளைஞர்களில் பலர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களிடம் ஆர்வம் நிறைய இருக்கும், பொறுமை குறைவாக இருக்கும். படப்பிடிப்பு நாளில் முப்பது பேர் வருவார்கள். அதற்கு முன்பும் பின்பும் செய்யவேண்டிய வேலைக்கு இருவர் கிடைத்தாலே பெரிது. அந்த இருவர் யாரென்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டு, அவர்களோடு மட்டும் திட்டமிடுங்கள்.

மன்றத்தால் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தக் கோவிலில் எந்தப் புலவர் (வில்லுப்பாட்டுக் குழுவின் முதன்மைப் பாடகர்) பாடுவார், அவரிடம் எந்த நேரத்தில் போய்ப் பேசலாம், கோவில் கமிட்டியில் யாரிடம் அனுமதி கேட்கவேண்டும் என்பதெல்லாம் இளைஞர்களுக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரியாது. அந்த அறிமுகத்தை அவர்களிடம் விடுங்கள். கேள்வி கேட்பதை மாணவர்களிடம் விடுங்கள். மாணவர் கேட்கத் தயங்கி நிற்கும்போது அண்ணன்மார் குறுக்கே புகுந்து தாங்களே கேட்டுவிடக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசிவைத்தால், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பங்குனி, சித்திரை மாதங்களில்தான் கொடைகள், அதாவது கோவில் விழாக்கள் மிகுதி. பங்குனியில் தேர்வுகள் நெருக்கும். ஆகவே புலவரைச் சந்திப்பதையும் வாத்தியங்களைப் படமெடுப்பதையும் மார்கழிக்கு முன்பே முடித்துவிட்டு, கொடைக் காட்சிகளைக் கோடை விடுமுறையில் எடுப்பது நல்லது. முடிந்தவுடன் மன்றத்தின் பக்கத்தில் ஏற்றிவிட்டால் ஊரே பார்க்கும். பிள்ளைகளுக்கும் உற்சாகமாக இருக்கும்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தோவாளை வட்டம்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். உடனே இணையத்தில் ஏற்றுவதை மட்டும் ஏற்க இயலவில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் கற்றலைப் பற்றி. வில்லுப்பாட்டைப் பற்றி பாடநூலில் ஒரு பத்தி படித்த மாணவர், வில், வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று வாத்தியங்களை அடுக்கி எழுதிவிடுவார். ஆனால் புலவரின் வலப்பக்கம் இருந்து பாடுவோருக்கும் இடப்பக்கம் இருந்து பாடுவோருக்கும் வேலை எப்படி மாறுபடுகிறது, குடத்தை அடிப்பவர் எந்த இடத்தில் ஓசையை அடக்குகிறார், கதையின் எந்தக் கட்டத்தில் உடுக்கை விரைவெடுக்கிறது என்பனவற்றை அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் அறியமுடியும். காணொளி எடுப்பதன் பெரும்பயன் இதுதான்: எங்கே கேமராவை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர், அங்கே என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதை, இறுதியில் வாழி என்று வில்லுப்பாட்டின் பகுதிகள் வரும் வரிசையை மாணவர்கள் முதலில் ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு ஒரு முழு நிகழ்ச்சியை கேமரா இல்லாமல் கேட்கட்டும். எந்தப் பகுதி எப்போது தொடங்கியது என்று ஒவ்வொருவரும் குறித்து வந்து வகுப்பில் ஒப்பிட்டால் குறிப்புகள் ஒத்துப்போகா. அந்த வேறுபாட்டைப் புலவரிடமே கேட்கும் கேள்விகளாக மாற்றுங்கள். "வில்லுப்பாட்டு எப்போது தோன்றியது?" என்பது போன்ற கேள்விகளை விட்டுவிடலாம். "அவையடக்கத்தில் நீங்கள் பாடும் வரிகளை யாரிடம் கற்றீர்கள், அவற்றில் நீங்கள் எதையாவது மாற்றியதுண்டா?" என்று ஒரு மாணவி கேட்டால், அந்தப் புலவர் அரைமணி நேரம் பேசுவார்.

கொடையைப் படமெடுப்பதில் ஒரு கவனம் வேண்டும். சுடலைமாடன், முத்துப்பட்டன் முதலிய கதைகள் கோவிலில் பாடப்படும்போது அவை வழிபாட்டின் பகுதி. புலவர் தெய்வத்தின் வரவைப் பாடும்போது ஒருவருக்கு அருள் வந்து ஆடுவது உண்டு. அவர் அந்த நேரத்தில் யாருக்கும் ஒப்புதல் கொடுக்கும் நிலையில் இல்லை. கேமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பாட்டுக் குழுவின் பக்கமே அது இருக்கட்டும். இதை மாணவர்களோடு விவாதித்து அவர்களே முடிவெடுக்கச் செய்தால் அதுவும் ஒரு பாடம்.

இனி வெளியீடு. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பாடகர், இசைக்கலைஞர், ஆடுபவர் மட்டுமன்றிப் பாம்பாட்டியையும் சொற்பொழிவாளரையும்கூட நிகழ்த்துகலைஞர் என்றே கொள்கிறது. அதன் 38 ஆம் பிரிவின்படி நிகழ்த்துகலைஞரின் உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். கற்பித்தலுக்காகவோ ஆய்வுக்காகவோ மட்டும் பதிவு செய்தால் அது உரிமை மீறலாகாது என்று 39 ஆம் பிரிவு சொல்கிறது. வகுப்பறையைத் தாண்டி யூடியூபில் ஏற்றும்போது அந்த விலக்கை நம்பியிருக்க முடியாது. ஆகவே புலவரிடமும் குழுவினரிடமும் எங்கே வெளியிடப் போகிறோம், விளம்பர வருவாய் வந்தால் யாருக்கு என்று எளிய தமிழில் எழுதிப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கடிதத்தை மாணவர்களே எழுதட்டும். கடிதம் எழுதும் பயிற்சிக்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

மறுமொழி 3: திருமணக் காணொளிகள் எடுப்பவர், மார்த்தாண்டம்

ஆசிரியர் ஐயா சொன்ன ஒப்புதலை எங்கள் தொழிலிலும் பலர் மறந்துவிடுகிறோம். நான் தொழில்நுட்பத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கைப்பேசி போதும், பெரிய கேமரா தேவையில்லை. வில்லுப்பாட்டில் கெடுவது படமல்ல, ஒலி. குடத்தின் ஓசையும் வில்லில் கட்டிய மணிகளும் எழும்போது கைப்பேசி தானாகவே ஒலியளவைக் குறைத்துக்கொள்வதால், புலவரின் குரல் அமுங்கிப்போகிறது. இன்னொரு கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, புலவருக்கு அருகில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குத் தொலைவில் வைத்துவிடுங்கள். தொடங்கும்போது ஒருமுறை கைதட்டினால், அந்த ஓசையை அடையாளமாகக் கொண்டு இரண்டையும் பின்னர் பொருத்தலாம். இரண்டு கைப்பேசிகளும் ஃபிளைட் மோடில் இருக்கட்டும். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு தடைப்படும்.

இரவில் பந்தலின் விளக்குகளில் படம் துடிப்பதாகத் தெரிந்தால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதே பெரும்பாலும் காரணம். நொடிக்கு 25 படம், ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் அது பெரிதும் அடங்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் திறந்தவெளியில் பேட்டி எடுப்பதானால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுவரின் மறைவில் உட்காரவையுங்கள். மைக்கில் காற்று இரைந்தால் பின்னர் நீக்குவது கடினம்.

எடிட்டிங்கை மன்றத்து இளைஞர் ஒருவர் ஒரே இரவில் முடித்துவிடுவார். அதை அனுமதிக்காதீர்கள். மாணவர்கள் முதலில் எடுத்ததையெல்லாம் பார்த்து, எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார் என்று தாளில் எழுதட்டும். ஒருமணி நேரப் பேச்சை எழுதிமுடிக்க நாலைந்து மணி நேரம் ஆகலாம். ஐந்தாறு பேர் பகிர்ந்தால் சுமையாக இராது. பிறகு எது வேண்டும், எது வேண்டாம் என்று தாளிலேயே வரிசைப்படுத்தி, அதன் பின்பே கணினியைத் தொடட்டும். கேடன்லைவ், ஓப்பன்ஷாட் இரண்டும் இலவச மென்பொருள்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக் கணினியில் நிறுவ முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இளைஞர் பக்கத்தில் அமர்ந்து வழிகாட்டலாம். மௌஸ் மாணவர் கையில் இருக்கட்டும்.

மறுமொழி 4: கல்லூரி மாணவி, குளச்சல் பகுதி

எங்கள் கடற்கரை ஊரில் இளைஞர் குழுவோடு சேர்ந்து காற்றின் பெயர்களைப் பற்றி ஒரு காணொளி எடுத்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கச்சான், வாடை, கொண்டல் என்ற சொற்களை வீட்டில் கேட்டே வளர்ந்தவள் என்றாலும், எந்தக் காற்றில் எந்த மீன் என்று இரண்டு பெரியவர்கள் வேறுவேறாகச் சொன்னபோதுதான் அதில் எனக்கு ஆர்வம் பிறந்தது. இருவர் சொன்னதையும் படத்தில் வைத்தோம். டீச்சர், புலவர்கள் இருவர் மாறுபட்டுச் சொன்னால் ஒன்றை வெட்டிவிடாதீர்கள்.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. எங்கள் குழுவில் முகம் காட்ட விரும்பாத தோழியர் குரல் கொடுத்தார்கள், கேள்விகளை எழுதினார்கள், வசன வரிகளை (சப்டைட்டில்) இட்டார்கள். அவர்கள் பெயர் முடிவில் வேண்டுமா என்பதையும் அவர்களிடமே கேட்டோம். 2023 ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்வதால், பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவைப்பது எல்லோருக்கும் நல்லது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மன்றத்து இளைஞர் இருவரை அழைத்துப் பேசிவிட்டேன். அறிமுகமும் வழிகாட்டலும் அவர்களுடையவை. கேள்வியும் குறிப்பும் எடிட்டிங்கும் மாணவர்களுடையவை என்று ஒப்புக்கொண்டார்கள். முதல் திரையிடல் புலவரும் குழுவினரும் பெற்றோரும் அமர்ந்திருக்கப் பள்ளி வளாகத்தில் நடக்கும். அவர்கள் நீக்கச் சொல்வதை நீக்கிய பிறகே இணையத்தில் ஏற்றுவோம். சிறிது தாமதமாகும் என்பதை மன்றமும் ஏற்றுக்கொண்டது.

இன்னும் ஓர் ஐயம். புலவரின் பேச்சில் விளவங்கோடு வட்டாரப் பேச்சுவழக்கு மிகுதியாக உள்ளது. வசன வரிகளில் அதை அப்படியே எழுதுவதா, எழுத்துத் தமிழில் தருவதா?

மறுமொழி 2-இன் ஆசிரியர்

அவர் பேசியபடியே எழுதுங்கள். வெளியூராருக்கு விளங்காத சொல் வந்தால் மட்டும் அதன் பொருளைத் திரையின் மேற்பகுதியில் சிறிதாகக் காட்டலாம். பாட்டு வரிகளை மட்டும் எழுதி முடித்தவுடன் புலவரிடம் ஒருமுறை படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். பாடும்போது சொற்கள் சேர்ந்து ஒலிப்பதால், மாணவர்கள் பிரித்து எழுதுவதில் தவறு நேர வாய்ப்புண்டு.