தக்காயாமாவில் தேநீர் ஏந்தி வந்த மரப்பாவை

சில ஆண்டுகளுக்கு முன் ஜப்பானின் கிஃபு மாகாணத்து மலைநகரான தக்காயாமாவுக்குச் சென்றிருந்தபோது, சக்குராயாமா ஹச்சிமான் ஆலயத்துக்கு அருகில், சிங்க நடன முகங்களையும் ‘கராகுரி’ எனப்படும் இயந்திரப் பாவைகளையும் வைத்திருந்த அருங்காட்சியகத்தில் ஒரு பிற்பகல் முழுவதையும் கழித்தேன்.

முதலில் என்னைக் கட்டிப்போட்டது தேநீர் ஏந்தும் பாவைதான். ஒரு முழ உயரம்கூட இல்லாத அந்தச் சிறுவனின் கைத்தட்டில் கிண்ணத்தை வைத்தவுடன், அவன் தலையசைத்தபடி நேராக என்னை நோக்கி வந்தான். கிண்ணத்தை எடுத்ததும் நின்றான். காலிக் கிண்ணத்தைத் திரும்ப வைத்ததும் மெல்லத் திரும்பி, வந்த வழியே போனான். உடையணியாத இன்னொரு பாவை பக்கத்திலேயே இருந்ததால் உட்புறத்தையும் காண முடிந்தது. கிண்ணத்தின் எடையில் கை சற்றுத் தாழ, மரப்பற்சக்கரத்தைப் பிடித்திருந்த தடை விலகிவிடுகிறது. கால்கள் அடியெடுத்து வைப்பதாகத் தோன்றினாலும், அங்கிக்குள் மறைந்திருக்கும் சக்கரங்களே பாவையை நகர்த்துகின்றன. 1796இல் ஹொசொகாவா ஹன்சோ என்னும் இயந்திரக் கலைஞர் படங்களுடன் விளக்கிய பாவையில், உலோகச் சுருள்வில்லுக்குப் பதிலாகத் திமிங்கலத்தின் வாயில் உள்ள வளையும் தகடே பயன்பட்டது. சூட்சுமம் தெரிந்த பின்னும் அதே பாவையை மும்முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வியப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

எட்டாம் நூற்றாண்டிலேயே வரிக்குப் பதிலாகத் தச்சர்களைத் தலைநகருக்கு அனுப்பிய ஹிடா வட்டாரம் இது என்பதால், அந்தக் கைத்திறன் இங்கே வேரூன்றியிருப்பது இயல்புதான். அக்டோபர் 9, 10 நாள்களில் நடைபெறும் இலையுதிர்காலத் திருவிழாவில், நற்பேற்றுத் தெய்வமான ஹொத்தேயின் பெயர் கொண்ட தேரின் மேல் ஊஞ்சல் கம்பிகளில் தாவும் சிறுவர் பாவைகளும் ஹொத்தேய் பாவையும் 36 கயிறுகளால் இயக்கப்படுகின்றன.

சிங்கமுகங்கள் இருந்த கூடத்தில் கூட்டம் குறைவு. எனக்கோ அங்கிருந்து நகரவே மனமில்லை. செவ்வரக்கும் பொன்பூச்சும் பூண்ட அம்முகங்கள் பற்களைப் படபடவென அடித்துத் தீமையை விரட்டும் என்பதும், அவை குழந்தையின் தலையைக் கடிப்பதுபோல் செய்தால் அக்குழந்தை நோயின்றி வளரும் என்பதும் ஜப்பானியர் நம்பிக்கை. ஒரு பழைய முகம் சற்றுச் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததால், குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தேன். வெளிப்புறத்து அரக்குப் பூச்சு இன்னும் பளபளத்தது. உள்ளே, ஆடுவோர் பிடிக்கும் குறுக்குக் கட்டை மட்டும் கைபட்டுக் கைபட்டு நடுவில் மெலிந்து, கருத்து, வழவழப்பாகியிருந்தது.