அமெரிக்காவில் நர்சிங் ஹோம்: லாப நோக்கா, இல்லையா என்று பார்க்கணுமா?

கேள்வி: டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள அம்மாவுக்கு இடம் தேடுகிறோம். பட்டியலில் ஒன்று சர்ச் நடத்துவது, இன்னொன்று தனியார் கம்பெனி. அரசு மதிப்பீட்டில் இரண்டுக்கும் நாலு ஸ்டார். யார் நடத்துகிறார்கள் என்பது முக்கியமா?

பதில் 1: முக்கியம்தான், உங்கள் விஷயத்தில் கூடுதலாகவே. (நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன தனியார் ஆஸ்பத்திரி, இங்கே முதியோர் நிரந்தரமாகவோ, ஆஸ்பத்திரி சிகிச்சைக்குப் பின் சில வாரமோ தங்கும் பராமரிப்பு இல்லம்.) நாடு முழுக்கச் சுமார் 15,000 இருக்கின்றன, பத்தில் ஏழு லாப நோக்கில் நடப்பவை.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் பிசியோவுக்குப் போகிறவர், கவனிப்பு சரியில்லை என்றால் தானே சொல்லிவிடுவார். அவருக்கு உரிமையாளர் யார் என்பதைவிட தெரபி எத்தனை மணி நேரம் என்பதே பெரிது. மறதி நோயாளிக்கு அப்படியில்லை. ராத்திரி டயபர் மாற்றினார்களா, தண்ணீர் கொடுத்தார்களா என்று அவரால் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் யாருக்குப் போகிறது? லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாத அமைப்புக்கு அந்த ஆசை குறைவு. 2009-ல் 82 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 40 ஆய்வுகள் லாப நோக்கற்றவையே மேல் என்றன. எதிர்ப்பக்கம் 3 மட்டுமே. மீதி கலவை. இது சராசரிக் கணக்கு. உங்கள் தெருக்கோடி இல்லத்துக்கு உத்தரவாதம் இல்லை.

பதில் 2: அந்த நாலு ஸ்டாரை உடைத்துப் பாருங்கள். மெடிகேரின் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 'கேர் கம்பேர்' தளத்தில் அதிகாரிகள் ஆய்வு, ஊழியர், தரம் என்று மூன்று தனி மதிப்பெண் இருக்கும். தர மதிப்பெண்ணில் பெரும்பகுதி இல்லமே எழுதிக் கொடுக்கும் தகவல். மற்ற இரண்டிலும் 5 வாங்கினால், அதிகாரிகள் ஆய்வில் 2 வாங்கிய இடம்கூட மொத்தத்தில் 4 ஆகிவிடும்! ஊழியர் கணக்கு சம்பளப் பதிவிலிருந்து வருவதால் நம்பலாம். வார இறுதியில் நர்ஸ் எத்தனை மணி நேரம், வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதைத்தான் முதலில் ஒப்பிடணும்.

உரிமையாளர் விவரமும் அங்கேயே உண்டு. சமீபத்தில் கைமாறியிருந்தால் நல்ல ஸ்டார் பழைய முதலாளி சம்பாதித்ததாக இருக்கலாம். 'நான்-பிராஃபிட்' (லாப நோக்கற்றது) என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். அன்றாட நிர்வாகத்தை லாபக் கம்பெனியிடம் விட்டிருக்கலாம். "தினசரி நடத்துவது யார்?" என்று நேரடியாகக் கேளுங்கள்.

பதில் 3: சேர்க்கும்போது 'ரெஸ்பான்சிபிள் பார்ட்டி' (பொறுப்பேற்பவர்) என்ற இடத்தில் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பாக்கி உங்கள் தலையில் விழலாம். பிள்ளைகள் சொந்தப் பணத்துக்கு ஜாமீன் நின்றால்தான் சேர்ப்போம் என்று கேட்க மத்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமும் (தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்ப்பது) கட்டாயமில்லை. போட்டுவிட்டால்கூட 30 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

பதில் 4: பணம்: நிரந்தரமாகத் தங்குவதற்கு மெடிகேர் தராது. ஆஸ்பத்திரியில் 3 நாள் உள்நோயாளியாக இருந்த பின் வரும் சிகிச்சைக்கு மட்டும், முதல் 20 நாள் முழுசாக, 100-ஆம் நாள் வரை ஒரு பகுதி. 'அப்சர்வேஷன்' (உள்நோயாளியாகச் சேர்க்காமல் கண்காணிப்பு) என்று படுக்க வைத்த நாட்கள் அந்த மூன்றில் சேராது, டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இங்கே வேலை செய்த கணக்கு இல்லாத பெற்றோர், கிரீன் கார்டோடு 5 வருஷம் தொடர்ந்து இருந்த பிறகே பிரீமியம் கட்டி மெடிகேரில் சேர முடியும்.